எடைக்கல்லைத் துடைக்கிற ஆன்மிகம்

ஒருவர் கேட்டிருந்தது இது: “யூதர்கள் அன்றாடம் நடக்கும் சின்னச் சின்ன விஷயங்களில்கூட ஆன்மிகப் பாடம் தேடுவார்கள் என்று படித்தேன். ரயிலைத் தவறவிட்டால் அதிலும் கடவுள் ஏதோ சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வார்களா? உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? யூதர் அல்லாத ஒருவர் இதைப் பழகிக்கொள்ள முடியுமா?”

ரயிலைப் பற்றியே ஒரு கதை இருக்கிறது. சதகோரா என்ற ஊரில் ரபி அவ்ரஹாம் யாக்கோவ் என்ற குரு இருந்தார், ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர். காலம் 1820–1883. ஊர் அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. இன்று உக்ரைனின் செர்னிவ்ட்ஸி நகரத்தோடு சேர்ந்துவிட்டது. கடவுள் படைத்தவற்றிலிருந்து மட்டுமல்ல, மனிதன் செய்த பொருள்களிலிருந்தும் பாடம் கற்கலாம் என்று அவர் ஒருநாள் சொல்ல, கூட்டத்தில் ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “ரயிலிலிருந்து என்ன கற்பது?” “ஒரு நொடி பிந்தினால் எல்லாம் போய்விடும் என்பதை.” “தந்தியிலிருந்து?” “ஒவ்வொரு சொல்லையும் எண்ணிக் காசு வாங்குவார்கள் என்பதை.” “தொலைபேசியிலிருந்து?” “இங்கே பேசுவது அங்கே கேட்கும் என்பதை.”

ரயிலைத் தவறவிட்டவனிடம் “நீ அதில் போகக்கூடாது என்று கடவுள் நினைத்திருக்கிறார்” என்று அவர் சொல்லவில்லை, கவனித்தீர்களா? மூன்று பதில்களும் கேட்டவனின் நடத்தையைப் பற்றியவை. நேரத்தை என்ன செய்கிறாய், வாயைத் திறக்குமுன் யோசிக்கிறாயா, அவ்வளவுதான். உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதிலும் இதுதான். ஒன்று நடந்தால் அதை வைத்து “இனி என்ன நடக்கும்” என்று கேட்பதை யூத மரபு தடுக்கிறது. “நான் என்ன செய்ய வேண்டும்” என்று கேட்கச் சொல்கிறது.

தடுக்கிறது என்பதைச் சும்மா சொல்லவில்லை. நாள் பார்ப்பதும் குறி சொல்வதும் கூடாது என்று வேதத்தின் உபாகமம் 18ஆம் அதிகாரம் விதிக்கிறது. குறி பார்ப்பவன் என்றால் யார் என்று யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்தில், சன்ஹெத்ரின் பகுதியில், ஒரு பட்டியலே வருகிறது: வாயிலிருந்து ரொட்டி கீழே விழுந்தது, கையிலிருந்து தடி நழுவியது, மகன் பின்னாலிருந்து கூப்பிட்டான், காகம் கத்தியது, மான் குறுக்கே ஓடியது, வலப்பக்கம் பாம்பு, இடப்பக்கம் நரி. இப்படியெல்லாம் சொல்லி ஒரு காரியத்தை நிறுத்துகிறவன்தான் அவன். பூனை குறுக்கே போனால் வீட்டுக்குள் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற நமக்கு இந்தப் பட்டியலைப் புரியவைக்க உரையாசிரியர் தேவையில்லை. பாபிலோனில் 1,500 ஆண்டுகளுக்கு முன்பும் கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டால் மனசு சுருங்கத்தான் செய்திருக்கிறது. அதற்கு இடம் கொடுக்காதே என்கிறது சட்டம்.

அதே தல்மூத்தில், ஏருவீன் என்ற பகுதியில், ரபி யோஹனான் சொல்வது: யூதர்களின் வேதமான தோரா நமக்குக் கொடுக்கப்படாமல் இருந்திருந்தால், அடக்கத்தைப் பூனையிடமும் பிறர் பொருளைத் தொடாமையை எறும்பிடமும் துணைக்கு உண்மையாக இருப்பதைப் புறாவிடமும் கற்றிருப்போம். ஆக, பூனையைப் பார்ப்பதில் தப்பில்லை. அது நம் பயணத்தைப் பற்றி ஏதோ தெரிவிக்கிறது என்று எண்ணுவதுதான் தப்பு.

சரி, இந்தப் பாடங்கள் எங்கே கிடைக்கின்றன? யூத ஆன்மிகம் என்றதும் பலரும் ஹசிதியக் கதைகளைத்தான் எடுத்துப் பேசுவார்கள். நல்ல கதைகள்தான், அவற்றுக்குப் பிறகு வருகிறேன். ஆனால் என்னைக் கேட்டால் அதைவிடக் கனமான சரக்கு சட்டப் புத்தகங்களில் இருக்கிறது, அதுவும் கடைக்காரர்களுக்கு எழுதிய பகுதிகளில்.

மிஷ்னா என்பது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட சட்டத் தொகுப்பு. தல்மூத் முழுவதும் அதன்மேல் நடக்கும் விவாதம் என்று சொல்லலாம். மிஷ்னாவின் பாவா பத்ரா பகுதியில், வீடு, வயல், தண்ணீர்த்தொட்டி விற்பனை வழக்குகளுக்கு நடுவே, இப்படி ஒரு விதி: சில்லறைக் கடைக்காரர் அளவைப் பாத்திரங்களை வாரம் இரண்டு முறை சுத்தம் செய்ய வேண்டும், எடைக்கற்களை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும், தராசுத் தட்டை ஒவ்வொரு முறை எடை போட்ட பிறகும் துடைக்க வேண்டும். மொத்த வியாபாரிக்கு 30 நாளுக்கு ஒருமுறை, வீட்டில் அளப்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். உடனே ரப்பான் சிமியோன் பென் கமாலியேல் குறுக்கிட்டு, இல்லை, அப்படியே தலைகீழ் என்கிறார். குறைவாகப் புழங்குகிற பாத்திரத்தில்தான் கசடு காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

எதற்கு இவ்வளவு கவலை? எண்ணெய் அளக்கிற படியின் உள்பக்கம் கொஞ்சம் எண்ணெய் ஒட்டி நிற்கும். அது உறைந்தால் படியின் கொள்ளளவு அந்த அளவுக்குக் குறையும். எடைக்கல்லில் பிசுக்கு ஏறலாம், தட்டில் முந்தைய ஆள் வாங்கிய மாவு ஒட்டியிருக்கலாம். கடைக்காரர் திருடவில்லை. அவர் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறார், ஆனால் ஒரு நாளில் வந்துபோன அத்தனை பேரிடமிருந்தும் ஒரு துளி அவர் பக்கம் வந்துவிடுகிறது. அதே அத்தியாயத்தில், திரவம் விற்பவர் ஊற்றி முடித்த பிறகும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் மூன்று சொட்டு வடியவிட வேண்டும் என்று ஒரு விதி. சில்லறைக் கடைக்காரருக்கு மட்டும் இந்த மூன்று சொட்டிலிருந்து விலக்கு. கூட்டம் நிற்கும்போது அவரால் முடியாது என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதில் ஆன்மிகம் எங்கே என்று கேட்கலாம். ஷப்பாத் என்ற பகுதியில் தல்மூத் அறிஞர் ராவா, மனிதன் இறந்தபின் நியாயத்தீர்ப்பில் எந்த வரிசையில் கேள்விகள் வரும் என்று சொல்கிறார். தோரா படிக்க நேரம் ஒதுக்கினாயா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, கொடுக்கல் வாங்கலில் நாணயமாக நடந்துகொண்டாயா என்பது. தராசைத் துடைப்பது அந்த முதல் கேள்விக்கான பதில். துணியைக் கையில் எடுக்கும் கடைக்காரர் கண்ணை மூடி எதையும் தியானிக்க வேண்டியதில்லை. துடைத்தால் போதும்.

வாங்குகிறவருக்கும் விதி உண்டு. பாவா மெட்ஸியா பகுதியில், வாங்கும் எண்ணமே இல்லாமல் “இது என்ன விலை” என்று கேட்கக்கூடாது என்று மிஷ்னா சொல்கிறது. வியாபாரத்தில் ஏமாற்றுவது போலவே சொல்லாலும் ஒருவரை வஞ்சிக்கலாம் என்பது அந்தப் பகுதியின் கருத்து. கடைக்காரருக்குக் காசு நஷ்டம் எதுவும் இல்லை; ஆனால் எழுந்து வந்து, பொருளை இறக்கி, தூசி தட்டி, “இவர் வாங்குவார்” என்று ஒரு கணம் நம்பினார் இல்லையா, அந்த நம்பிக்கையை வெறும் பொழுதுபோக்குக்காக உண்டாக்கியது குற்றம். நாலு கடையில் விலை விசாரித்து ஒன்றில் வாங்குவது வேறு விஷயம், அதற்குத் தடையில்லை. கடையில் செருப்பைப் போட்டுப் பார்த்து, விற்பனைப் பெண்ணை மூன்று சைஸ் எடுத்துவரச் சொல்லி, அளவு தெரிந்ததும் வெளியே வந்து செல்போனில் ஆர்டர் போடுவது எதில் சேரும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். “மனசுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்” என்பதால்தான் இந்த மாதிரி இடங்களில் வேதம் “உன் கடவுளுக்குப் பயந்திரு” என்று சேர்த்துச் சொல்கிறது என்கிறது தல்மூத். விலை கேட்டவன் வாங்க வந்தானா, சும்மா வந்தானா என்று எந்த நீதிமன்றமும் கண்டுபிடிக்க முடியாது.

வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை, யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22இல் ஒரு வசனம் இருக்கிறது. அதை நீட்டித்து, கடிக்கிற நாயையும் ஆடுகிற ஏணியையும் வீட்டில் வைத்திருக்காதே என்றார்கள் ரபிகள். இதற்கு மேல் இதை விளக்க வேண்டாம். ஆடுகிற ஏணி எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும்.

அடுத்தது ஆசி வாக்கியங்கள், அதாவது கடவுளைப் போற்றிச் சொல்லும் சின்ன வாக்கியங்கள். ஒரு மனிதன் தினமும் 100 ஆசிகள் சொல்லக் கடமைப்பட்டவன் என்று 2ஆம் நூற்றாண்டின் ரபி மேயிர் சொன்னதாகத் தல்மூத்தில் இருக்கிறது. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் வார நாள்களின் மூன்று வேளைத் தொழுகையில், நின்றுகொண்டு சொல்லும் முக்கிய வேண்டுதலில், ஒவ்வொரு வேளைக்கும் 19 என 57 வந்துவிடும். மீதி, கண்விழித்ததும் சொல்பவை, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்பவை, படுக்கப்போகும்போது சொல்வது. இடி கேட்டால் ஒன்று, வானவில் பார்த்தால் ஒன்று, 30 நாள் பார்க்காமலிருந்து கடலைப் பார்த்தால் ஒன்று. வசந்தத்தில் நிசான் மாதம் பழமரம் பூத்திருப்பதைப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரே ஒரு முறை சொல்ல ஒன்று. ஓய்வுநாளான சனிக்கிழமைத் தொழுகையில் 19க்குப் பதில் 7 ஆசிகள்தான் என்பதால் கணக்கு இடிக்கும். அதைச் சரிக்கட்டத் தின்பண்டங்களும் வாசனைப் பொருள்களும் தேடிப்பிடித்து ஆசி சொன்ன ஓர் அறிஞரைத் தல்மூத் குறிப்பிடுகிறது. கடமையைச் செய்ய இனிப்பு சாப்பிடுவது எனக்குப் பிடித்த விஷயம்.

சாப்பாட்டு ஆசியில் ஒரு நுட்பம் இருக்கிறது. மரத்தில் விளைந்த பழத்துக்கு ஒரு வாக்கியம், நிலத்தில் விளைந்ததற்கு வேறு வாக்கியம், ரொட்டிக்கு வேறு, திராட்சை ரசத்துக்கு வேறு. ஆகவே கையில் இருப்பதை வாயில் போடுமுன் “இது எங்கே விளைந்தது” என்று ஒரு நொடி யோசித்தே ஆக வேண்டும். வாழைப்பழத்துக்கு எது? வாழை ஒரு குலை தள்ளியதோடு அதன் தண்டு முடிந்துபோகிறது, அடுத்த குலை பக்கக்கன்றில் வருகிறது. அதனால் அது மரக் கணக்கில் சேராது, நிலத்தின் விளைச்சலுக்கான ஆசியைத்தான் சொல்ல வேண்டும் என்று 16ஆம் நூற்றாண்டின் சட்டத் தொகுப்பில் தீர்ப்பாகிவிட்டது. வாழைத்தோட்டம் வைத்திருக்கிற யாரைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் சொல்லியிருப்பார். ஆசி சொல்லாமல் இந்த உலகத்தை அனுபவிப்பவன் கோயில் சொத்தைத் தின்றவன் மாதிரி என்று தல்மூத் கடுமையாகச் சொல்கிறது. பழம் நம்முடையது அல்ல, கேட்டு வாங்கிச் சாப்பிடு என்பதுதான் உள்ளே இருக்கும் எண்ணம்.

இந்த ஆசிகளில் மிகவும் வெளிப்படையானது கழிவறையிலிருந்து வந்து கை கழுவியபின் சொல்வது. 4ஆம் நூற்றாண்டின் அபாயே தந்த வாசகம். மனிதனை ஞானத்தோடு உருவாக்கி, அவனுக்குள் துவாரங்களையும் குழாய்களையும் படைத்தவரே, இவற்றில் ஒன்று திறந்துகொண்டாலும் ஒன்று அடைத்துக்கொண்டாலும் உம் முன்னே நிற்க முடியாது என்பது உமக்குத் தெரியும் என்று போகிறது. பக்தி மொழி என்றால் தாமரையும் தீபமும் வரும் என்று பழகிய நமக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். சிறுநீரகக் கல்லோடு ஒரு இரவைக் கழித்தவர்களுக்குக் கூச்சம் இருக்காது.

உடம்பை இப்படிப் பார்ப்பது அங்கே பழைய வழக்கம். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் எருசலேமில் வாழ்ந்த ஹில்லேல் பாடம் முடிந்து கிளம்பினார். சீடர்கள் எங்கே என்று கேட்க, “ஒரு கட்டளையை நிறைவேற்றப் போகிறேன்” என்றார். என்ன கட்டளை? குளிக்கப் போகிறாராம். அரங்குகளில் நிற்கும் ராஜாக்களின் சிலைகளைத் தேய்த்துக் கழுவச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்களே, கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட நான் என்னைக் கழுவிக்கொள்வது எவ்வளவு பெரிய கடமை என்று விளக்கினார். இன்னும் ஒரு படி மேலே போனவர் ரபி அக்கிவா. தம் ஆசிரியர் ரபி யெஹோஷுவாவின் பின்னாலேயே கழிவறைக்குள் போய், அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்து மூன்று விஷயம் கற்றுக்கொண்டேன் என்று பெருமையாகச் சொன்னார். “ஆசிரியரிடம் இவ்வளவு துணிச்சலா?” என்று பென் அஸ்ஸாய் அதிர்ந்துபோனார். “இதுவும் தோரா, நான் கற்க வேண்டியிருந்தது” என்பது அக்கிவாவின் பதில். பிறகு அந்த பென் அஸ்ஸாயே அக்கிவாவின் பின்னால் போனாராம். தல்மூத் இதைச் சிரிக்காமல் பதிவு செய்திருக்கிறது.

இனி ஹசிதியர்கள். 18ஆம் நூற்றாண்டில் இன்றைய உக்ரைனின் மெட்ஜிபிஷில் வாழ்ந்த பால் ஷெம் தோவ் (இறப்பு 1760) தொடங்கிவைத்த பக்தி இயக்கம் இது. படிப்பாளிகளின் ஏகபோகமாக இருந்த ஆன்மிகத்தை வண்டிக்காரருக்கும் சாராயக்கடை நடத்துபவருக்கும் கொண்டுபோனார்கள். கண்ணில் படுவது, காதில் விழுவது எல்லாவற்றிலும் கடவுளுக்குப் பணிசெய்வது பற்றி ஒரு போதனை இருக்கிறது என்பது அவருடைய வாக்கு. அவர் வழியில் வந்த, மெசெரிச் ஊர் மகீத் (போதகர்) என்று அழைக்கப்பட்டவரின் (இறப்பு 1772) சீடர் ஒருவர், “நான் அவரிடம் போனது தோரா விளக்கம் கேட்க அல்ல, அவர் காலணிக் கயிற்றை எப்படிக் கட்டி அவிழ்க்கிறார் என்று பார்க்க” என்றாராம். அக்கிவா செய்த அதே வேலைதான், கொஞ்சம் நாசூக்காக.

இந்த வட்டத்தில் மிகவும் புகழ்பெற்றது திருடனின் பாடம். ரபி ஸுஷ்யாவின் பெயரால் சொல்லப்படுவது. குழந்தையிடம் மூன்று கற்கலாம்: காரணமில்லாமல் சந்தோஷமாக இருக்கும், ஒரு கணமும் சும்மா இருக்காது, வேண்டியதை அழுது கேட்கும். திருடனிடம் ஏழு. ஓசைப்படாமல் வேலை செய்கிறான், ஆபத்துக்கு அஞ்சுவதில்லை, சின்னப் பொருளையும் அலட்சியமாக விடுவதில்லை, பாடுபடுகிறான், சுறுசுறுப்பாக இருக்கிறான், கிடைக்கும் என்று நம்புகிறான், இன்றைக்கு நடக்கவில்லை என்றால் நாளைக்கு மறுபடி வருகிறான். கூடவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஏழில் எத்தனை பக்தனிடம் இருக்கிறது என்பது. தன் பிரார்த்தனையை ஊரறிய நடத்துகிறவனைவிட, முதல் குணத்தில் திருடன் மேல்.

இங்கே ஒரு பெரிய கருத்து வேறுபாட்டைச் சொல்லாமல் போனால் பதில் அரைகுறையாகிவிடும். காற்றில் ஓர் இலை புரள்வதும் கடவுளின் நேரடி ஏற்பாடு என்பது பால் ஷெம் தோவின் நிலைப்பாடு. அவருக்கு ஆறு நூற்றாண்டுகள் முந்திய யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடிஸ் (1138–1204) எகிப்தில் உட்கார்ந்து எழுதியது இதற்கு நேர் எதிர்: இந்தக் குறிப்பிட்ட இலை விழுந்தது கடவுள் அதைக் கவனித்து நடத்தியதால் என்றோ, இந்தச் சிலந்தி அந்த ஈயைத் தின்றது அந்த நேரத்துக்கான கடவுளின் கட்டளை என்றோ நான் நம்பவில்லை. மனிதர்களை மட்டுமே கடவுள் தனித்தனியாகக் கவனிக்கிறார், மற்றவை இயற்கையின் போக்கு என்பது அவர் கட்சி. இருவருமே யூத மரபின் தூண்கள். “எல்லாவற்றிலும் கடவுளின் செய்தி இருக்கிறது என்று யூதர்கள் நம்புகிறார்கள்” என்று யாராவது ஒரே போடாகப் போட்டால், எந்த யூதர் என்று கேளுங்கள். நான் மைமோனிடிஸ் பக்கம் சாய்கிறவன். ஆனால் பாடம் கற்க அந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அக்கிவா 40 வயதுவரை எழுத்தறியாதவர். ஒரு கிணற்றடியில் கல் குடைந்திருப்பதைப் பார்த்து, தண்ணீர் தினமும் விழுந்து விழுந்து குடைந்தது என்று கேள்விப்பட்டு, மெதுவான தண்ணீர் கல்லையே குடையும் என்றால் இரும்பு போன்ற சொற்கள் என் இதயத்தைக் குடையாதா என்று சொல்லிக்கொண்டு, மகனோடு சேர்ந்து அரிச்சுவடி படிக்கப் போனார் என்பது பழைய கதை. அந்தத் தண்ணீர் அவருக்காக விழுந்ததா, தன் பாட்டுக்கு விழுந்ததா? எப்படி இருந்தாலும் அவர் பள்ளிக்கூடம் போனார்.

இந்தப் பழக்கத்தில் வழுக்கிவிடுகிற இடங்கள் இரண்டு, இரண்டையும் மரபே அடையாளம் காட்டியிருக்கிறது.

ஒன்று, நம் பக்தியின் செலவை வேறொருவர் தலையில் கட்டுவது. லித்துவேனியாவில் 19ஆம் நூற்றாண்டில் மூஸார் என்ற ஒழுக்கப் பயிற்சி இயக்கத்தைத் தொடங்கிய ரபி இஸ்ரயேல் சலாந்தர் (இறப்பு 1883) ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனார். ரொட்டி சாப்பிடுமுன் சடங்காகக் கை கழுவ வேண்டும். ஒரு சின்ன டம்ளர் தண்ணீர் சட்டப்படி போதும், தாராளமாக ஊற்றிக் கழுவுவது சிறப்பு. சலாந்தர் குறைந்தபட்ச அளவோடு நிறுத்திக்கொண்டார். இவ்வளவு பெரியவர் ஏன் இப்படிக் கஞ்சத்தனம் செய்கிறார் என்று வீட்டுக்காரருக்கு ஆச்சரியம். வேலைக்காரப் பெண் கிணற்றிலிருந்து தண்ணீரைத் தோளில் சுமந்து கொண்டுவருவதை சலாந்தர் பார்த்திருந்தார். இன்னொருத்தி தோளில் ஏறி நான் பக்திமானாக வேண்டாம் என்றார். பண்டிகை நாளில் நூறு சாஸ்திரம் பார்த்து வீட்டுப் பெண்களை அடுப்படியில் நிற்கவைக்கும் எந்த மதத்து ஆளுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது: அடுத்தவர் துன்பத்தில் பாடம் கண்டுபிடிப்பது. நோயில் கிடப்பவரிடமோ பிள்ளையைப் பறிகொடுத்தவரிடமோ போய், வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவிடம் அவனுடைய நண்பர்கள் பேசியது போல “குற்றமில்லாதவன் அழிந்தது உண்டோ” என்ற தொனியில் பேசாதே என்று தல்மூத் தெளிவாகத் தடுக்கிறது. வாங்காத பொருளுக்கு விலை கேட்பது எந்தக் குற்றத்தில் வருகிறதோ, இதுவும் அதே தலைப்பின்கீழ்தான் வருகிறது: சொல்லால் வஞ்சித்தல். “எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்கிறது” என்று இழவு வீட்டில் சொல்கிறவர்கள் ஆறுதல் சொல்வதாகத்தான் நினைக்கிறார்கள். யோபுவின் நண்பர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? பெராகோத் பகுதியில் ஒரு சின்னக் காட்சி. ரபி ஹிய்யா நோயில் கிடக்கிறார். ரபி யோஹனான் பார்க்கப் போகிறார். துன்பத்துக்குப் பலன் உண்டு என்று பேசத் தெரிந்தவர்கள் இருவரும். யோஹனான் கேட்பது, “இந்தத் துன்பம் உமக்குப் பிரியமா?” பதில், “துன்பமும் வேண்டாம், அதன் பலனும் வேண்டாம்.” “கையைக் கொடும்.” கையைக் கொடுத்தார், எழுப்பிவிட்டார். பிறகு யோஹனானே நோயில் விழுகிறார். இந்த முறை ரபி ஹனீனா வந்து அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கி, அதேபோல் கைகொடுத்து எழுப்புகிறார். மற்றவரை எழுப்பத் தெரிந்தவர் தம்மையே எழுப்பிக்கொண்டிருக்கக் கூடாதா என்று தல்மூத் கேட்டுவிட்டு, கைதி தன்னைத்தானே சிறையிலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாது என்று முடிக்கிறது. இந்த யோஹனான் பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாடம் சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் யார் இருந்தார்கள்? அவர் கையைத்தான் நீட்டினார்.

கடைசியாக, யூதர் அல்லாதவர் பழகலாமா என்ற கேள்வி. யூத மதம் ஆள் சேர்க்கும் மதமல்ல. ஓய்வுநாள் விதிகள், உணவு விதிகளெல்லாம் யூதர்களுக்கு விதிக்கப்பட்டவை என்றுதான் அவர்களே கருதுகிறார்கள், மற்றவர்கள் அவற்றைப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கற்பதில் வேலி இல்லை. “யார் அறிவாளி? எல்லா மனிதரிடமும் கற்பவன்” என்று பென் ஸோமா என்ற பழைய யூத அறிஞர் சொன்னபோது எல்லா யூதரிடமும் என்று சொல்லவில்லை. பெற்றோரை மதிப்பது எதுவரை என்று ரபிகளிடம் கேட்டபோது அவர்கள் காட்டிய உதாரணம் அஸ்கலோன் ஊரைச் சேர்ந்த தாமா பென் நெத்தினா, யூதர் அல்லாதவர். பெருந்தொகை லாபம் தரும் ரத்தின வியாபாரம் வாசலில் வந்து நிற்க, பெட்டிச் சாவி தூங்கும் தந்தையின் தலையணைக்கடியில் இருந்தது. அவர் எழுப்பவில்லை, வியாபாரம் போயிற்று. போய் அவரைப் பாருங்கள் என்றார்கள் ரபிகள். பிற இனத்து அறிஞரைப் பார்க்கும்போது சொல்வதற்கென்று ஓர் ஆசியும் உண்டு: தம் ஞானத்தில் ஒரு பங்கை மனிதருக்குத் தந்தவர் போற்றப்படுக.

நடைமுறைக்கு ஏதாவது வேண்டுமென்றால் மூஸார் இயக்கத்தாரின் கணக்கு நோட்டு இருக்கிறது. 1808இல் மெண்டல் லெஃபின் என்ற யூத அறிஞர் வெளியிட்ட முறை, பிறகு சலாந்தரின் ஆதரவால் மூஸார் வட்டத்தில் பரவியது. 13 குணங்கள், வாரத்துக்கு ஒன்று. அந்த வாரம் முழுக்க அந்த ஒரு குணத்தை மட்டும் கவனித்து, தினம் இரவு நோட்டில் எத்தனை முறை சறுக்கினோம் என்று குறிக்க வேண்டும். 13 வாரம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து; ஆண்டுக்கு நான்கு சுற்று வரும். இந்த முறையை லெஃபின் எடுத்தது எங்கிருந்து தெரியுமா? அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடமிருந்து. ஃபிராங்க்ளின் தமக்காகப் போட்டுக்கொண்ட அட்டவணை அது. ஆக, இதில் கடன் வாங்கக் கூச்சப்பட வேண்டியதில்லை, அவர்களே வாங்கித்தான் இருக்கிறார்கள்.

எந்தக் குணத்தில் ஆரம்பிப்பது என்றால், ஒழுங்கு, சுத்தம், பேச்சைக் குறைப்பது மாதிரி கண்ணுக்குத் தெரிகிற ஒன்றில் ஆரம்பியுங்கள். பணிவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் முதல் வாரமே அதை எடுத்தால் இரவில் நோட்டில் என்ன குறிப்பது என்றே தெரியாது.